தரையைப் பெயர்க்குமுன்

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், அரசலாற்றை ஒட்டிய தெருவில் எங்கள் நண்பரின் வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளும் பழைய வீடு. எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் பல ஆண்டுகளாக அந்தக் கூடத்தில்தான் நடந்துவருகின்றன. அங்கே நாற்காலி போடும் வழக்கம் இருந்ததில்லை. 1953இல் நண்பரின் தாத்தா போடச் செய்த சிவப்புச் சிமெண்டுத் தரையில், சுவரோரமாகவும் தூணோரமாகவும் சாய்ந்து அமர்ந்து, நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் இரவு பத்து மணிவரை சண்டை போட்டிருக்கிறோம். சித்திரை வெயிலில் நடந்து வந்து அமர்கிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் இலக்கியம் பேசமாட்டார்கள். உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள்.

2024 தை மாதத்தில் அந்தத் தரை போயிற்று. இப்போது அங்கே இருப்பது பாலாடை நிறத்தில் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ், இரண்டடிக்கு இரண்டடி. வீட்டுக்காரரை நோகடிப்பது எங்கள் நோக்கமன்று. இதை எழுதப்போகிறோம் என்று சொன்னபோது, 'எழுதுங்கள், பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள்' என்று அவர் சிரித்தார். அதன் பிறகே எழுத உட்கார்ந்தோம். அவர் செய்ததைத்தான் பழைய வீடு வைத்திருக்கும் பலரும் ஊர்தோறும் செய்துகொண்டிருக்கிறார்கள். எங்களில் நால்வர் தத்தம் வீடுகளில் அவருக்கு முன்பே செய்து முடித்தவர்கள். ஆகவே குற்றவாளிக் கூண்டில் நாங்களும் நின்றுகொண்டுதான் இந்த வழக்கைத் தொடுக்கிறோம்.

எங்கள் கட்சி இதுதான்: நல்ல நிலையில் இருக்கும் பழைய தரையைப் பெயர்ப்பது வந்து போகிறவர்களின் கண்ணுக்காக நடக்கிறது. அதற்குரிய விலையைக் கொடுப்பதோ, அங்கேயே வாழ்கிறவர்களின் கால்.

*

தரையை மாற்ற நண்பர் சொன்ன காரணங்கள் நான்கு. விரிசல் விட்டுவிட்டது. கறை போகவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கும் காலம், வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கடைசியாக, வயதான அம்மாவுக்கு வசதியாக இருக்கும். இந்த நான்கையும் வரிசையாக எடுத்துக்கொள்கிறோம். பழைய தரையைப் பெயர்க்கிறவர்களில் எவரைக் கேட்டாலும் ஏறக்குறைய இந்த நான்கைத்தான் சொல்வார்கள்.

முதலில் விரிசல். கூடத்தின் தென்மேற்குத் தூணிலிருந்து முற்றத்து விளிம்புவரை மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியது உண்மை. எப்போதிலிருந்து என்று நண்பரின் தாயாரைக் கேட்டோம். அவர் 1966இல் மணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோதே அது இருந்ததாம். கோலம் போடும்போது அந்தக் கோட்டைத்தான் நடுக்கோடாக வைத்துக்கொள்வாராம். ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் ஓர் அங்குலம்கூட நீளாத, ஒரு நூல்கூட அகலாத விரிசல் எந்த ஆபத்தின் அறிகுறி?

சிமெண்டுக் கலவை உலரும்போது சுருங்கும். இணைப்பே இல்லாமல் கூடம் முழுதும் ஒரே பரப்பாகப் போட்ட தரை, அந்தச் சுருக்கத்தை எங்காவது ஓரிடத்தில் ஒரு கோடாக வெளிப்படுத்திவிட்டு அமைதியடையும். அஞ்ச வேண்டிய விரிசல் வேறு வகையைச் சேர்ந்தது. அது ஆண்டுக்காண்டு அகலும். அதன் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடத் தாழும். தரையை நாணயத்தால் தட்டினால் கணீரென்று கேட்பதற்குப் பதில் பொத்தென்று கேட்கும். அப்படிக் கேட்டால் மேல்பூச்சு அடித்தளத்தை விட்டுக் கழன்றுவிட்டது என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று போதும். தரையைப் பெயர்த்த எவராவது அதற்கு முன் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தார்களா என்று கேட்கிறோம். எங்களில் அந்த நால்வரும் தட்டிப் பார்க்கவில்லை.

கூடத்துத் தரை கெட்டியாக இருந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம். பெயர்க்க வந்தவர்களே சாட்சி. நடுக்கூடத்தில் இரண்டடிச் சதுரத்தைப் பெயர்க்க அரை நாள் ஆயிற்று. கடப்பாரை தெறித்தது. மின்சாரச் சுத்தியல் கொண்டுவந்தார்கள். அப்போதும் அடியிலிருந்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பாறையாக நின்றன. முடிவில் மேஸ்திரி சொன்னார்: "இத உடைக்க வேணாம் சார், உடைச்சா இந்த மாதிரி அடித்தளம் நம்மால போட முடியாது. மேலாப்புல கொத்திவிட்டு அப்படியே டைல்ஸ் போட்டுரலாம்." கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அந்த வாக்கியத்தின் பொருள் அன்று உறைக்கவில்லை. மாற்ற வந்தவரே, மாற்றப்படுவது தம்மால் ஆகாத வேலை என்று ஒப்புக்கொண்டார். நாங்கள் தலையாட்டிவிட்டுக் காப்பி குடித்தோம்.

*

அது என்ன வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ரெட் ஆக்சைடு' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். நடந்ததோ பல நாள் வேலை.

மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் உடைத்த செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, மறுபடியும் அடித்து இறுக்குவார்கள். அதற்குமேல் சிமெண்டும் மணலும் சேர்ந்த கலவை. அது முழுதும் காய்ந்துவிடுவதற்குள், சிமெண்டோடு இரும்பு ஆக்சைடுப் பொடியைக் கலந்த மெல்லிய மேல்பூச்சு. பொடியும் சிமெண்டும் சல்லடையில் சலிக்கப்பட்டுச் சீராகக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் தரை திட்டுத்திட்டாக வெளுக்கும். ஓர் அறையை ஒரே நாளில் முடித்தாக வேண்டும். நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் சேர்ந்த இடம் கோடாகத் தெரியும். ஆகவே கொத்தனார் உள்மூலையில் தொடங்கி, கரணையால் தேய்த்துத் தேய்த்துப் பின்னோக்கி நகர்ந்து, பொழுது சாயும்போது வாசற்படிக்கு வந்து சேர்வார். தன் காலடி படாத ஒரு பரப்பை விட்டுவிட்டு வெளியேறுவது அந்தத் தொழிலின் முறை. பிறகு பாத்தி கட்டி ஒரு வாரத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிறுத்த வேண்டும். காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தோய்ந்த துணியால் துடைப்பார்கள். மிச்சமுள்ள மெருகை வீட்டார் தம் கால்களால் ஏற்ற வேண்டும். அதற்குப் பத்தாண்டு ஆகும்.

எங்கள் சொல்லாட்சியை மன்னிக்க வேண்டும். காலம் ஆக ஆக மெருகு கூடும் பொருள்களின் கணக்கு மிகச் சிறியது. கடையில் வாங்கும் டைல்ஸ், பதித்த அன்று எவ்வளவு அழகோ அதுதான் அதன் உச்சம். அங்கிருந்து ஒவ்வொரு நாளும் இறங்குமுகம். மேலே மெருகுப்படலமும் அச்சிட்ட வடிவமும் கொண்டவை ஒருமுறை தேய்ந்தால் அவற்றைத் திரும்பத் தேற்ற வழியில்லை. எண்பதுகளின் வீடுகளில் உள்ள மொசைக் தரையோ, பளிங்குச் சில்லுகள் கலந்த கனமான மேற்பரப்பைக் கொண்டது. மங்கினால் இயந்திரக் கல்லால் நீர் விட்டு அரைத்து மெருகேற்றலாம், புதிதாகும். இருபது ஆண்டு கழித்து மறுபடியும் அரைக்கலாம். அதையும் 'அந்தக் காலத்து மொசைக்' என்று முகம் சுளித்து, அதன் தலைமேல் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

*

இனி நான்காவது காரணத்துக்கு வருகிறோம். அம்மாவின் வசதி.

பழைய தரையை முழுதாகப் பெயர்க்காமல் கொத்திவிட்டு அதன்மேலேயே கலவை போட்டு டைல்ஸ் பதித்தால் தரை உயரும். கலவையும் டைல்ஸுமாக ஏறத்தாழ இரண்டு அங்குலம். இரண்டு அங்குலம் என்பது கடைக்காரருக்கும் மேஸ்திரிக்கும் ஒரு பொருட்டே அன்று. கதவின் அடியை இழைத்துவிடுவார்கள். அந்தக் கூடத்துத் தேக்குக் கதவுகளின் அடிச்சட்டம் அப்படித்தான் இழைக்கப்பட்டது. நிலைப்படி பாதி புதைந்தது. முற்றத்துத் தாழ்வாரத்துக்கு இறங்கும் படி முன்பு ஐந்து அங்குலம், இப்போது ஏழு. ரேழியிலிருந்து கூடத்துக்கு ஏறும் இடமும் அவ்வாறே மாறியது. மாடிப்படியின் முதல் படி மட்டும் மற்றப் படிகளைவிடக் குட்டையாயிற்று.

படிக்கட்டில் கண் பார்த்து ஏறுகிறவர் எவருமில்லை. முதல் இரண்டு படிகளில் கால் உயரத்தைக் கற்றுக்கொண்டு, மற்றவற்றைத் தானாகக் கணிக்கிறது. ஒரே வரிசையில் ஒரு படி மட்டும் உயரம் மாறியிருந்தால் தடுக்கும் என்பது கட்டடக்கலையின் பாலபாடம். அம்மாவுக்கோ அந்த வீட்டின் எல்லாப் படிகளும் ஐம்பத்தெட்டு ஆண்டுகளாகக் காலில் எழுதப்பட்டவை. இரவில் விளக்குப் போடாமல் கொல்லைவரை போய் வருவார். மின்வெட்டுக் காலங்களில் மற்றவர்களுக்கு அவர்தான் வழிகாட்டி. பங்குனி மாதத்தில் ஒரு விடியற்காலை, கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு இறங்கினார். பழைய ஐந்து அங்குலத்தை எதிர்பார்த்து இறங்கிய கால், இல்லாத தரையில் பதிந்தது. இடது மணிக்கட்டு முறிந்தது.

'வயதானவர்கள் எந்தத் தரையிலும்தான் விழுவார்கள்' என்பீர்கள். மெய்தான். ஈரமாக இருந்தால் சிவப்புச் சிமெண்டுத் தரையும் வழுக்கும். அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அம்மா வழுக்கி விழவில்லை. அவருடைய வீட்டை அவருக்குத் தெரியாத வீடாக நாம் மாற்றிவிட்டோம். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. இப்போதும் அவர் தாழ்வாரத்துக்கு இறங்க யாரையாவது கூப்பிடுகிறார். கொல்லைக்கு வழிகாட்டிய மனுஷிக்கு இப்போது வழிகாட்டி வேண்டியிருக்கிறது. அவர் வசதிக்காகத்தான் இது செய்யப்பட்டது என்பதை நினைவூட்டுகிறோம். தரையை மாற்றும் முடிவை எடுத்தபோது அவரிடம் கேட்டார்களா? கேட்டார்களாம், டைல்ஸ் என்ன நிறத்தில் வேண்டும் என்று.

*

ஐப்பசி மழை வந்தபோது அடுத்த கணக்கு தொடங்கியது. ஆற்றங்கரை மண், அடியில் எப்போதும் ஈரம் உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அந்தக் காலத்துச் சுவர்கள் பலவற்றுக்கு ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் அடியில் கிடையாது. ஈரம் மேலே வரும், வந்து காற்றில் உலரும் என்ற ஏற்பாட்டின்மேல் நிற்கும் வீடுகள் அவை. பழைய தரைகளும் சுண்ணாம்புப் பூச்சும் ஓரளவு மூச்சு விடுபவை. விட்ரிஃபைட் டைல்ஸின் பெருமையே தண்ணீரை உறிஞ்சாமை. அதன் நீர் உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு. ஈரத்துக்குத் தரைவழி அடைபட்டால் அது சுவர்வழி தேடும். அந்த ஆண்டு கூடத்தின் இரண்டு சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. இப்போது சுவருக்கும் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று யோசனை சொல்கிறார்கள். ஒட்டினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். அதற்கும் மேலே ஒட்டலாம். கூரைவரை இடம் இருக்கிறது.

இன்னொரு கணக்கை வீட்டார் எவரும் போடுவதில்லை. தரையைக் கொத்தவும் டைல்ஸை அறுக்கவும் வந்த இளைஞர்கள் இருவர். கூடம் முழுதும் புழுதி. எதிரே நின்றவர் முகம் தெரியவில்லை. முகத்தில் அவர்கள் சுற்றியிருந்தது ஈரிழைத் துண்டு. சிமெண்டுத் தரையை உடைத்தாலும் டைல்ஸை அறுத்தாலும் பறக்கும் தூளில் கண்ணுக்குத் தெரியாத படிகச் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். அந்த நோய்க்குத் தீர்வான மருந்து இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் பெருமளவு அடங்கும். முறையான முகக்கவசமும் உண்டு. இரண்டும் செலவு, தாமதம். நாங்கள் என்ன செய்தோம்? புத்தகங்களில் தூசி படாதிருக்க அலமாரிக்குப் போர்வை போர்த்தினோம்.

*

இங்கே எங்களை மறுத்த ஒரு குரலைப் பதிவுசெய்யாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகும். நண்பரின் மனைவி சொன்னார்: "மாசம் ஒருநாள் வந்து ஒக்காந்துட்டுப் போறவங்களுக்கு அந்தத் தரை அழகாத்தான் இருக்கும். தெனம் தேய்க்கிறவளுக்குத்தான் தெரியும். நீங்க வெச்ச காப்பி டம்ளர் வட்டம் எத்தன, எண்ணியிருக்கீங்களா?"

எண்ணவில்லை. தலைகுனிகிறோம். பழைய தரையைப் பற்றி ஏக்கத்தோடு எழுதும் ஆண்கள் எவரும் அதைத் துடைத்ததில்லை. எங்கள் வட்டமும் விலக்கன்று. சிமெண்டுத் தரைக்குப் புளியும் எலுமிச்சையும் ஆகாது. காரத்தன்மை கொண்ட அந்தப் பரப்பைப் புளிப்பு அரிக்கும், கறை தங்கும். கறை போக்க ஆசிட் ஊற்றினால் மெருகே கரைந்துவிடும். இதை உணர்ந்து தினமும் பேணியது அந்தப் பெண்மணியின் உழைப்பு. துடைக்க எளிதான தரை வேண்டும் என்று அவர் கேட்டதில் நூற்றுக்கு நூறு நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் எந்த இடத்துக்குக் கேட்டார்? புளியும் எலுமிச்சையும் எண்ணெயும் நாள்தோறும் சிந்தும் இடம் கூடம் அன்று, அடுக்களை. அடுக்களைத் தரைதான் ஓரிடத்தில் குழியாகித் தண்ணீர் தேங்குகிறது. அதைத்தான் மாற்ற வேண்டும் என்று அவர் நான்கு ஆண்டுகளாகக் கேட்டுவந்தாராம். பணம் கூடத்தோடு தீர்ந்துபோயிற்று. அடுக்களையும் இரண்டாம் கட்டும் 'அடுத்த வருஷம்' என்று நிற்கின்றன. பெண் பார்க்க வருகிறவர்கள் அடுக்களைக்குள் வரமாட்டார்கள் அல்லவா?

எங்கள் கட்சிக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. தரை கெட்டிருந்த இடம் அப்படியே இருக்கிறது. கெடாத இடம் மாற்றப்பட்டது. வேலை செய்கிறவளின் முதுகு கேட்டது கிடைக்கவில்லை. விருந்தாளியின் கண் கேட்காமலே பெற்றது.

*

'பழைய தரையைப் பழுதுபார்க்க இப்போது ஆள் எங்கே இருக்கிறார்கள்?' என்ற கேள்வி வரும். இது எங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டும் கேள்வி. கேட்கிறவர்களில் பலர் தேடிப் பார்த்தவர்கள் அல்லர். அதே ஊரில், நண்பர் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, எழுபது வயதைக் கடந்த கொத்தனார் ஒருவர் இருக்கிறார். தகப்பனாரோடு சிறுவயதில் தரை போடப் போனவர். டைல்ஸ் பதித்து முடித்தபின் அவரைக் கண்டோம். விவரத்தைச் சொன்னதும் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தத் தரைக்கு என்ன கேடு வந்திச்சு? என்னக் கூப்புட்டிருந்தா ஒரு நாள்ல விரிசல அடைச்சுக் குடுத்திருப்பேனே." கலர் சேராதே என்றோம். "சேராது. சேராட்டி என்ன, தழும்புதானே?" என்றார். இருபது ஆண்டுகளாக யாரும் தம்மைச் சிவப்புத் தரை போடக் கூப்பிடவில்லை என்றார். தம் மகன் டைல்ஸ் வேலைக்குப் போவதாகவும் சொன்னார்.

ஆள் இல்லை என்பதால் நாம் கூப்பிடாமல் இருந்தோம் என்கிறோம். நாம் கூப்பிடாததால்தான் ஆள் இல்லாமற் போயிற்று என்பதே வரிசை. கூப்பிடுகிறவர்கள் இருந்தால் தொழில் நிற்கும் என்பதற்கு ஆத்தங்குடி கண்முன் இருக்கிறது. காரைக்குடிக்கு அருகில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் இன்றும் கையால் தரைக்கல் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூவடிவ அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் கலவை வைத்து மட்டம் செய்கிறார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துகிறார்கள். கண்ணாடியை விட்டு எடுத்தால் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. சூளை இல்லை, தீ இல்லை. நாம் கூடத்தில் பதித்த டைல்ஸோ ஏறத்தாழ 1,200 பாகை வெப்பத்தில் சுடப்படுவது. நாட்டின் டைல்ஸ் தொழிலுக்குத் தலைநகரான குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்ததென்றால் லாரியில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பயணம் செய்திருக்கும்.

நகைச்சுவை இதற்குமேல்தான் தொடங்குகிறது. செட்டிநாட்டு ஊர்களை இந்தியா 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. பழைய மாளிகைகள் விடுதிகளாயின. நகரத்துக் காப்பிக் கடைகளிலும் கடற்கரைப் பங்களாக்களிலும் இப்போது சிவப்புத் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் மீண்டும் போடப்படுகின்றன. நாம் வெட்கப்பட்டுப் பெயர்த்ததை அவர்கள் பெருமையோடு விலைகொடுத்துப் போடுகிறார்கள்; நாமும் அங்கே போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறோம். ஆத்தங்குடிக் கோலத்தை இயந்திரத்தில் அச்சிட்ட டைல்ஸும் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. அசலைப் பெயர்த்துவிட்டு அதன் படத்தை வாங்கி ஒட்டிக்கொள்ளும் வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது.

எழுதுகிறவர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. திண்ணை போயிற்றே, முற்றம் போயிற்றே என்று நாங்கள் எழுதிக் குவித்த ஏக்கக் கட்டுரைகளை அடுக்கினால் அவையே ஒரு திண்ணை உயரம் வரும். அவற்றில் ஒன்றாவது ஒரு விரிசலை அடைப்பது எப்படி என்று சொல்லியிருக்கிறதா? ஏக்கம் செலவில்லாதது. போன பிறகு அழுவது, இருக்கும்போது பேணுவதைவிட எளிது. கேரளத்தில் பல்லாண்டு வீடுகள் கட்டிய லாரி பேக்கர், இடிக்கப்பட்ட கட்டடங்களின் கதவுகளையும் சன்னல்களையும் ஓடுகளையும் தேடி வாங்கித் தாம் கட்டிய வீடுகளில் பொருத்தினார். பழமையின்மேல் அவர் கொண்ட மரியாதை, பொருளைக் கையில் எடுத்து மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தது. எங்களுடையது பத்தி பிரித்து எழுதுவதோடு நின்றுவிட்டது.

*

எந்தப் பழைய தரையையும் தொடவே கூடாது என்பது எங்கள் வாதமன்று. அடித்தளம் அமிழ்ந்திருந்தால், எறும்பும் கரையானும் அடியைக் குடைந்திருந்தால், மேல்பூச்சு பாதிக்குமேல் கழன்றிருந்தால், தண்ணீர் தேங்கினால் மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்கும் முறை உண்டு. கெட்ட அறையை மட்டும் மாற்றலாம். மேலே ஏற்றாமல், பெயர்த்துப் பழைய மட்டத்துக்கே போடச் சொல்லலாம். படிகளின் உயரத்தை முன்பே அளந்து சுவரில் குறித்துவைக்கலாம். வழுக்காத சொரசொரப்பைக் கேட்டு வாங்கலாம். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லி, அதற்காகும் கூலியைக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கெடாத தரைக்கோ செய்ய வேண்டியவை மிகக் குறைவு. விரிசலைச் சற்றே அகலக் கீறி, தூசியைத் துடைத்து, ஈரப்படுத்தி, ஆக்சைடு கலந்த சிமெண்டால் அடைத்து, சில நாள் நனைத்துவைக்க வேண்டும். ஆசிட் பாட்டிலை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். எண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் போதும், ஊற்றினால் வழுக்கும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் காப்பி டம்ளருக்கு அடியில் ஒரு காகிதம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வரி எங்களுக்கு நாங்களே எழுதிக்கொண்டது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக மூன்று கேள்விகள். தரை உண்மையில் கெட்டிருக்கிறதா, நாணயத்தால் தட்டிப் பார்த்தீர்களா? மாற்றம் யாருடைய காலுக்காக, யாருடைய கண்ணுக்காக? அந்தத் தரையில் அதிகம் நடக்கிறவரையும் அதைத் துடைக்கிறவரையும், நிறத்தைப் பற்றி அல்லாமல், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டீர்களா? மூன்றுக்கும் நேரான விடை இருந்தால் தாராளமாக மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம்.

எங்கள் கூட்டம் இப்போதும் அந்தக் கூடத்தில்தான் நடக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. யாரும் கீழே அமர்வதில்லை. பெண் வீட்டார் வந்துபோனார்கள். ஜாதகம் பொருந்தவில்லையாம். தரையைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பெரும்பாலும் இரண்டாம் கட்டில், பணம் தீர்ந்துபோனதால் தப்பிய பழைய சிவப்புத் தரையில் கால் நீட்டி அமர்ந்திருக்கிறார். பக்கத்து அடுக்களையில் குழியில் தேங்கிய தண்ணீரை அவருடைய மருமகள் இன்னும் துணியால் ஒற்றியெடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தப் பெரியவர் கொத்தனாரை அழைத்திருக்கிறோம். அன்று நூல் விமரிசனம் கிடையாது. அடுக்களைத் தரையைப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் கூலியை எங்களுக்குள் பகிர்ந்துகொள்வதென்று தீர்மானித்திருக்கிறோம். காப்பி டம்ளர் வட்டங்களுக்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம்.